ஜெயகுமாரியின் எதிர்வெட்டு

முகமூடியைப் போடுமுன் ஜெயகுமாரி அதன் கம்பிவலையைக் கட்டைவிரலால் சுற்றிவர அழுத்திப் பார்ப்பார். பின்பட்டியை இரண்டு தரம் இழுத்துவிட்டு, எதிரே நிற்பவரின் காலணிகளை உற்றுப் பார்ப்பார். "முதல் காலைத்தான் பாக்க வேணும், அண்ணை. முகத்தைப் பழக்கி வைச்சிருப்பினம். கால் அவ்வளவு கெதியாப் பழகாது."

வயது நாற்பத்தாறு. மன்னாரில் பிறந்து, பன்னிரண்டு வயதில் நோர்வேக்கு வந்தவர். ஓஸ்லோவின் எல்லிங்ஸ்ருட் பகுதியில் மூன்றாம் மாடியில் வீடு. வேலை ஒரு காப்புறுதி நிறுவனத்தில். உடைந்தது, தொலைந்தது, தண்ணீரில் விழுந்தது என்று சனம் அனுப்பும் விண்ணப்பங்களில் எது மெய், எது பொய் என்று பார்ப்பது. "போன கோடைக்கு ஓஸ்லோவிலை பாதிப் பேரின்ரை போன் ஃபியோர்டுக்கை விழுந்திட்டுதாம். மீனெல்லாம் இப்ப கதைச்சுக்கொண்டு திரியும்." சொல்லும்போது சிரிக்க மாட்டார்.

வாள்வீச்சுக்கு வந்தது மகளால். கம்சிகா ஒரு தவணை பழகிவிட்டு நிறுத்திவிட்டாள். தாய் நிறுத்தவில்லை. ஏழு வருடமாகச் செவ்வாயும் வியாழனும் எங்கள் கழகத்துக்கு வருகிறார். நான் அங்கே வாள்களையும் வயர்களையும் திருத்துகிற ஆள். அதனால் மற்றவர்கள் பார்க்காததை எல்லாம் பார்ப்பேன்.

சேபர் என்பது வெட்டுகிற வாள். ஆடுபவர்கள் உலோக நூல் கலந்த மேலங்கி போட்டிருப்பார்கள். வாள் அதில் பட்டால் வெட்டியவருடைய விளக்கு எரியும். இருவர் விளக்கும் சேர்ந்து எரிந்தால் புள்ளி தாக்கி வந்தவருக்கே. ஆகவே தாக்க வருபவரைத் தடுத்துவிட்டுத் திருப்பி அடிப்பதுதான் புத்தி. ஜெயகுமாரி தடுக்க மாட்டார். பின்னால் துள்ளி, இடக்கையை வானத்துக்கு எறிந்து, வருகிறவரின் மணிக்கட்டில் மேலிருந்து ஒரு வெட்டு. தன் மேல் வாள் படாமல் தப்பினால் புள்ளி. தப்பாவிட்டால் கோமாளிக் கூத்து.

எங்கள் பயிற்றுநர் கிறிஸ்ரியன் அதைச் 'சர்க்கஸ்' என்றுதான் சொல்வான். பத்தில் ஆறு தடவை இரண்டு விளக்கும் எரிகிறது, எதற்கு இந்த வேலை என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் நோர்வேஜிய மொழியில் கேட்டான். அதற்கான பதிலை ஜெயகுமாரி பிறகு கோப்பி ஊற்றும்போது என்னிடம் தமிழில் சொன்னார்.

"தடுக்கிறதெண்டா அவை காட்டுற பக்கத்தை நம்பித் தடுக்க வேணும். நான் ஏன் நம்ப வேணும்? கை முழுக்க நீண்டாப் பிறகுதான் மெய் வெளியாலை வரும். அந்த நேரம் பாத்துத்தான் வெட்டுறது."

"அதுக்கு ஏன் இந்தத் துள்ளல்?"

"ஒருக்கா அப்பிடி வெட்டு வாங்கினவை பிறகு கையை நீட்டப் பயப்பிடுவினம். அதுக்குத்தான் அந்தப் படம் காட்டுறது."

எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. அவருடைய விளக்கு மட்டும் தனியே எரிவது கூடிப்போனதாகப் பட்டது. மேலங்கியில் எங்கேயாவது உலோக நூல் அறுந்திருந்தால் எதிராளியின் வெட்டு பதிவாகாது. தை மாதம் ஒருநாள், அவர் உடை மாற்றப் போயிருந்த நேரம், மின்னோட்டம் பார்க்கிற மீற்றரை எடுத்து அந்த மேலங்கி முழுவதையும் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. அடுத்த வியாழன் வந்தவர் என் மேசையருகே நின்றார்.

"என்ரை ஜக்கெற்றை ஆரோ மடிச்சு வைச்சிருக்கினம், அண்ணை. நான் மடிக்கிறேல்லை."

அவ்வளவுதான். நான் கம்பியைப் பற்றவைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

வைகாசியில் ஓஸ்லோவிலேயே மூத்தோர் போட்டி நடந்தது. அரையிறுதியில் எதிரே துரொண்ட்ஹெய்மிலிருந்து வந்த இங்கெர் என்ற நெடிய பெண். பத்துப் புள்ளி எடுப்பவர் இறுதிக்குப் போவார். ஒன்பதுக்கு ஒன்பது. எங்கள் கழகத்தில் எவரும் இறுதிவரை போனதில்லை. கிறிஸ்ரியன் பக்கத்தில் நின்று "தடு, தடு" என்று வாயசைத்தான்.

இங்கெர் பாய்ந்து வந்தார். ஜெயகுமாரி துள்ளினார், கை வானத்துக்குப் போனது, வெட்டு விழுந்தது. அவருடைய விளக்கு மட்டும் எரிந்தது. எங்கள் ஆட்கள் கத்தினார்கள். கிறிஸ்ரியன் தன்னை மறந்து என் தோளில் அடித்தான்.

ஜெயகுமாரி முகமூடியைக் கழற்றி, "வென்ட்" என்றார். பொறுங்கள் என்று அர்த்தம். நடுவரிடம் போய் முன்கையை நீட்டி, இந்த இடத்தில் எனக்கு வெட்டு விழுந்தது, சோதித்துப் பாருங்கள் என்றார். நடுவர் இங்கெரின் வாளை அந்த இடத்தில் வைத்தார். விளக்கு எரியவில்லை. இரண்டு விரல் தள்ளி வைத்தார். எரிந்தது. காலையில் சோதனையில் தேறிய மேலங்கிதான், ஆட்டத்தின் நடுவில் நூல் விட்டிருந்தது. புள்ளி இரத்தானது.

வேறு மேலங்கி இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி நின்றார். இம்முறையாவது தடுப்பார் என்று நினைத்தோம். அதே துள்ளல், அதே கை, அதே வெட்டு. இரண்டு விளக்கும் எரிந்தன. புள்ளி இங்கெருக்கு.

கிறிஸ்ரியன் முகம் சிவந்துபோய் வந்தான். "முதலாவதைக் கொடுத்தாய், சரி. இரண்டாவதை ஏன் எறிந்தாய்?"

"எறியவில்லை. அவளுடைய கை நீண்டது. நான் அரை அடி பிந்திவிட்டேன்," என்றார் அவர். அவன் தண்ணீர்ப் போத்தல்களைப் பொறுக்கத் தொடங்கினான்.

எனக்கோ வேறொரு எண்ணம். ஒரு மண்டபம் பார்த்துக்கொண்டிருக்க, வென்ற புள்ளியைத் திருப்பிக் கொடுப்பதைவிடப் பெரிய படம் எது? நூல் விட்டிருந்ததை அவர் முன்பே அறிந்திருக்கலாம். தை மாதம் மீற்றர் பிடித்துச் சோதித்த எனக்குக் காட்டவே இப்படி ஆடியிருக்கலாம். அரையிறுதியில் தோற்றவருக்குரிய வெண்கலப் பதக்கத்தைப் பையின் பக்கத்து அறைக்குள் போட்டுக்கொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டேன்.

"அந்த அமளிக்குள்ளை உங்களுக்கு வெட்டு விழுந்தது எப்பிடித் தெரிஞ்சது? விளக்கே எரியேல்லையே."

"நொந்தது."

"உண்மையாவோ?"

ஜெயகுமாரி பையைக் கீழே வைத்தார். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டினார். என் ஆட்காட்டி விரலைப் பிடித்து, முன்கையில் சிவந்து தடித்திருந்த கோட்டின் மேல் வைத்து, நான் இழுத்தும் விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.