ரத்து உத்தரவு வராத மாத்திரை

2025 ஜனவரி ஒன்பது, வியாழக்கிழமை, காலை ஆறு நாற்பது. ஏழு டிகிரி குளிர். டெல்லி கரோல் பாக்கில் எங்கள் ஜன்னலுக்கு எதிரே இருக்கும் வீடு மூடுபனியில் காணாமல் போயிருந்தது. மடியில் சும்மா வைத்திருந்த என் வலது கை, என்னைக் கேட்காமல் ஆடிக்கொண்டிருந்தது. விநாடிக்கு நாலைந்து தரம். பேப்பரைக் கையில் எடுத்தால் நின்றது. கீழே வைத்தால் மறுபடியும் ஆடியது. இடது கையும் லேசாகச் சேர்ந்துகொண்டது.

குளிர்தான் என்று முடிவு செய்து, இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஹீட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கை சூடாக ஆடியது.

மனைவி வேறொன்றைக் கவனித்திருந்தாள். பூங்காவில் எனக்குப் பின்னால் நடந்து வருகிறவள் அவள்.

"ஏங்க, உங்க வலது கை வீசவே மாட்டேங்குது. லீவு போட்டிருக்கா?"

"கையை வீசித்தான் நடக்கணும்னு ரூல் இருக்கா?"

"காலையும் இழுத்து இழுத்து வைக்கிறீங்க. பின்னாடி வர்றவளுக்கு மரம் இழைக்கிற சத்தம் கேக்குது."

அன்று மத்தியானம் கைபேசியில் தேடினேன். பார்க்கின்சன் என்று வந்தது. நடுக்கம், உடம்பில் இறுக்கம், எல்லாவற்றிலும் ஒரு மந்தம், வாசனை தெரியாமல் போவது, எழுத்து சிறுத்துப்போவது. முழுவதையும் மூன்று தரம் படித்தேன். என் எழுத்து சிறியதுதான். ஆனால் முப்பத்தாறு வருஷம் சர்க்கார் கோப்புகளின் ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் குறிப்பு எழுதியவன் எழுத்து வேறு எப்படி இருக்கும்? வாசனையைச் சோதிக்க, கண்ணை மூடிக்கொண்டு மனைவியை ஏதாவது நீட்டச் சொன்னேன். பெருங்காயத்தை நீட்டினாள். சரியாகச் சொன்னேன். "அது பக்கத்து வீட்டுக்கே தெரியும், கணக்குல சேராது" என்றாள். அதற்கு மேல் அவளும் சிரிக்கவில்லை. இந்த நோய் வந்தால் போகாது என்பதை நான் படித்தபோது அவளும் தோளுக்குப் பின்னால் நின்று படித்திருந்தாள்.

நரம்பு டாக்டர் டெல்லியிலேயே பிறந்த தமிழ்ப் பெண். என்னை நடக்கவிட்டாள், திரும்பச் சொன்னாள், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னாள், முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, அங்கிளோட முகத்துல எக்ஸ்பிரஷன் கம்மியாயிருக்கா?"

"அது ஆபீஸ்ல குடுத்த மூஞ்சிம்மா. எங்க கல்யாணத்தப்பவே வந்திருச்சு."

காரணம் என்ன என்று கேட்டேன். காரணம் எழுதாத கோப்பை நான் மேலே அனுப்பியதே கிடையாது. மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் குறைந்துபோவதால் வருகிறது, அவை ஏன் குறைகின்றன என்று பெரும்பாலானவர்களுக்குச் சொல்ல முடிவதில்லை என்றாள். வயசு ஒன்று. சில குடும்பங்களில் வழிவழியாக வருவது ஒன்று. சில பூச்சிமருந்துகளின் மீதும் சந்தேகம் உண்டு. "சில சமயம் மருந்தே காரணமா இருக்கும் அங்கிள். நீங்க சாப்பிடறதெல்லாம் காட்டுங்க."

பையைக் கவிழ்த்தேன். பிரஷர், சர்க்கரை, கால்சியம். நாலாவது அட்டையை அவள் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது தலைசுத்தலுக்குக் குடுக்கறது. எவ்வளவு நாளா?"

"இருபது மாசம். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஒருநாள்கூட விட்டதில்லை."

"இன்னும் தலை சுத்துதா?"

"முதல் வாரமே நின்னுருச்சு."

"அப்ப ஏன் அங்கிள் சாப்பிடறீங்க?"

விளக்கினேன். தலைசுற்றலுக்குப் பார்த்த டாக்டர் எழுதிய சீட்டில் முடிவு தேதி இல்லை. ஒரு உத்தரவில் முடிவு தேதி இல்லையென்றால், ரத்து உத்தரவு வரும்வரை அது அமலில் இருக்கும். திரும்ப வரச் சொல்லியிருந்தார். குணமாகிவிட்டதால் நான் போகவில்லை. மருந்துக்கடை பையாவும் என் தலையைக் கண்டதும் அட்டையை எடுத்து வைத்துவிடுவான்.

டாக்டர் என் மனைவியைப் பார்த்தாள். மனைவி கூரையைப் பார்த்தாள்.

"இந்த மாத்திரைய ரொம்ப நாள் சாப்பிட்டா பார்க்கின்சன் மாதிரியே வரும். நிறுத்திப் பார்க்கலாம். சரியாகறதுக்கு மாசக்கணக்கா ஆகலாம். அப்பவும் போகலைன்னா, நோய் உள்ளே ஏற்கனவே ஆரம்பிச்சிருக்கலாம். இப்ப சொல்ல முடியாது."

"நிறுத்தச் சொன்னதை எழுதிக் குடுங்க. தேதியோட."

எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு காத்திருப்புத்தான். பிப்ரவரியில் கை ஆடியது. மார்ச்சில் ஸ்வெட்டரைக் கழற்றியும் ஆடியது. ஏப்ரலில் டாக்டர் விரலைத் தட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் பரவாயில்லை, பொறுங்க" என்றாள். மனைவி என்னிடம் எதையும் கேட்பதை நிறுத்தியிருந்தாள். காப்பி தரும்போது மட்டும் முக்கால் டம்ளர்தான் ஊற்றினாள்.

ஜூலையில் ஒரு நாள் மழை விட்டதும் பூங்காவுக்குப் போனோம். இரண்டாவது சுற்றில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, கொஞ்சம் மெதுவா நடங்க. எனக்கு மூச்சு வாங்குது."

நின்று திரும்பிப் பார்த்தேன். அவள் வெகுதூரத்தில் வந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்குகிறவள் முகமாக அது இல்லை. கிட்டே வந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றாள். மழை பெய்து தூசியெல்லாம் அடங்கியிருந்தது.

ஆகஸ்டில் டாக்டர் என்னை நடக்கவிட்டுப் பார்த்தாள். இறுக்கம் இல்லை, நடுக்கம் இல்லை, மாத்திரைதான் காரணம், வருஷத்துக்கு ஒரு தரம் வந்து காட்டினால் போதும் என்றாள். அதையும் எழுதி வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தேன். டாக்டருக்கு மூன்று தரம், நாலாயிரத்து ஐந்நூறு. ஆட்டோவுக்குப் போக வர ஆயிரத்து எண்பது. அந்த மாத்திரைக்கு, அதாவது நடுக்கத்தைக் காசு கொடுத்து வாங்கியதற்கு, நூற்றிருபது அட்டை, பத்தாயிரத்து இருநூறு. ஆக மொத்தம் பதினைந்தாயிரத்து எழுநூற்று எண்பது ரூபாய்.