எப்பா, டைம் அவுட்!

இரண்டு உள்ளங்கைகள். ஒன்று படுத்திருக்கும், மற்றது அதன் அடியில் நிமிர்ந்து முட்டிக்கொண்டு நிற்கும். கூடைப்பந்தில் டைம் அவுட் கேட்கிற சைகை அது. எங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு சாரை நினைத்தால் அவர் முகத்துக்கு முன்னால் அந்தக் கைகள்தான் எனக்கு ஞாபகம் வரும். கூடவே எரிச்சலும் வரும். பன்னிரண்டு வருடமாகியும் ஆறவில்லை. மனுசன் நல்லவர், அதில் சந்தேகமே கிடையாது. நல்லவர்களோடு வேலை பார்ப்பது எவ்வளவு பெரிய தலைவலி என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிப்பிக்கிறேன். பொம்பிளைப் பிள்ளைகள் போட்டிக்குப் போனால் கூட ஒரு டீச்சர் போக வேண்டும் என்பதால் என்னைப் பிடித்து சாருக்குப் பக்கத்தில் கூடைப்பந்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வளையம். மைதானமோ சரிவு. பந்து தப்பினால் தேயிலைக்குள் உருண்டு போய்விடும், எடுக்கப் போகிறவள் காலில் அட்டையோடுதான் திரும்புவாள். கொழும்பிலும் கண்டியிலும் உள்ள பெரிய பள்ளிக்கூடங்கள் வருடம் முழுக்க யாராவது கூப்பிட்டு விளையாடிக்கொண்டே இருக்கும். ஒரு போட்டியில் தோற்றால் அடுத்தது இருக்கிறது. எங்களை யார் கூப்பிடுவார்? எங்களுக்குச் சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்கள் மோதுகிற வலயப் போட்டி ஒன்றுதான். வருடத்தில் ஒரே நாள். முதலாவதாக வருகிற அணி மட்டும் மாகாணப் போட்டிக்குப் போகும், மற்றவர்கள் பஸ் பிடித்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரு வருட உழைப்பை இப்படி ஒரு பகலில் வைத்து அடைக்க யாருக்குத்தான் மனசு வந்ததோ!

அந்த வருடம் எங்கள் கேப்டன் பதினோராம் வகுப்பு, சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளை. நெட்டையாக, ஒல்லியாக, வாயைத் திறக்காத பிள்ளை. மாகாணத்துக்குப் போனால் விடுதி இடம் கொடுத்து அடுத்த இரண்டு வருட உயர்தர வகுப்புக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று டவுனில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் சொல்லியிருந்தது. போகாவிட்டால் படிப்பு அத்தோடு சரி. அவளுடைய அம்மா என்னிடம், "வலயத்துல செயிச்சா அனுப்புறோம் டீச்சர், இல்லாட்டி எங்களால முடியாதுங்க" என்று பளிச்சென்று சொல்லிவிட்டார். ஆக, அந்தப் பிள்ளையின் படிப்பு முழுக்க அந்த ஒரு நாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

சாருக்கும் எனக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டு. மேசையில் உட்கார்ந்து புள்ளி எழுதுகிறவர்கள், மணி அடிக்கிறவர்கள் பெரும்பாலும் சிங்களப் பையன்கள். "நாலு வார்த்தை படிச்சுக்குங்க சார், நான் சொல்லித் தாறேன்" என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்! "பந்துக்கு என்னா பாஷை தெரியும் டீச்சர்? கையைக் காட்டுனா போதாதா?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஹட்டனில் இறுதி ஆட்டம். ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். பந்து கோட்டுக்கு வெளியே போயிருந்தது, நாங்கள்தான் உள்ளே எறிய வேண்டும். மிச்சம் ஏழோ எட்டோ விநாடி. சார் எழுந்து இரண்டு கையையும் முட்டி டைம் அவுட் கேட்டார். மேசைப் பையன் தலையாட்டிவிட்டு மணிக்குக் கையைக் கொண்டுபோனான். அதோடு சும்மா இருந்திருக்கலாமே! இருக்க மாட்டாரே! "எப்பா! டைம் அவுட்! எப்பா, டைம் அவுட்!" என்று கத்தினார். பையன் சாரை ஒரு மாதிரிப் பார்த்தான். கையை எடுத்துவிட்டான்.

மணி அடிக்கவில்லை. எங்கள் பிள்ளைகளோ சாருடைய கையைப் பார்த்துவிட்டு, கேப்டனும் சேர்த்து நாலு பேர் பெஞ்சைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தார்கள். நடுவர் பந்தை ஐந்தாவது பிள்ளையின் கையில் கொடுத்தார். அவள் யாருக்கு எறிவாள்? பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று முழித்தாள். எறிவதற்கு விதி கொடுக்கிற ஐந்து விநாடி போனது, பந்து எதிரணிக்குப் போனது, ஆட்டமும் போனது.

நான் மேசைக்கு ஓடிப்போய்ச் சத்தம் போட்டேன். அந்தப் பையன் பாவம், சிங்களத்தில் பதறிப் பதறிச் சொன்னான்: "சார்தானே மிஸ் 'எப்பா' என்றார்? வேண்டாம் என்றால் நான் எப்படி அடிப்பது?"

நாங்கள் வீட்டிலும் ரோட்டிலும் ஆளைக் கூப்பிடுகிற 'எப்பா' சிங்களத்தில் 'வேண்டாம்'. ஊருக்கே சிங்களம் சொல்லிக் கொடுக்கிற நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என் காதுக்கும் அது வெறும் எப்பாவாகத்தான் கேட்டது. அதைச் சாருக்கும் பிள்ளைகளுக்கும் நான்தான் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. சார் வாயைப் பொத்திக்கொண்டார். கேப்டன் அழவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் முன் சீட்டில் சாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். நான் கோபத்தில் பின் சீட்டில் உட்கார்ந்து, வீடு வந்து சேரும்வரை அவர் பக்கம் திரும்பவில்லை. பரீட்சை முடிந்ததும் அந்தப் பிள்ளை கொழும்புக்கு, துணி தைக்கிற கார்மெண்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

அந்த வருடக் கடைசியோடு சார் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு யாரையும் போடவில்லை, அதனால் பெஞ்சும் பயிற்சியும் இப்போது என் தலையில். இந்த வருடம் அரை இறுதி. மூன்று புள்ளி முன்னால் இருந்த பிள்ளைகள் அவசரப்பட்டு ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தார்கள். டைம் அவுட் கேட்டேன். மேசையில் இருந்த பையன் ஆற அமரக் கையை நீட்டினான். சீக்கிரம் அடிக்க மாட்டானா என்று எனக்குப் பொறுக்கவில்லை.

"எப்பா, கெதியா!"

என் வாயிலிருந்துதான் வந்தது. சிங்கள டீச்சரின் வாயிலிருந்து! பையனின் கை மணிக்கு மேலே அப்படியே நின்றது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு மேசையைப் பார்த்து ஓட எழுந்தேன்.

"ஓன! ஓன! டைம் அவுட் ஓன!"

கம்பி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கரகரத்த குரல். வேண்டும், வேண்டும் என்று சுத்தமான சிங்களம். மப்ளர் சுற்றிய தலை, கக்கத்தில் குடை, முட்டிய இரண்டு உள்ளங்கைகள். மணி அடித்தது. பிள்ளைகள் பெஞ்சுக்கு ஓடி வந்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் நேரே வேலிக்குப் போனேன். ஜெயித்த சந்தோசத்தையும் மீறிக்கொண்டு ஆத்திரம் வந்தது. "ஏன் சார், நான் எத்தனை வருசம் கெஞ்சினேன்? இந்த ஒரு வார்த்தையை எப்பதான் படிச்சீங்க?"

"அன்னைக்கு பஸ்ஸிலயே டீச்சர்," என்றார். "அந்தப் புள்ளதான் சொல்லிக் குடுத்துச்சு. வீடு வார வரைக்கும் திருப்பித் திருப்பிச் சொல்ல வச்சுச்சு. அடுத்த வருசத்துப் புள்ளைங்களுக்காவது வேணும் சார்னுச்சு."

அவர் கைகளை இன்னும் பிரிக்கவில்லை.