மழையில் கட்டிப்பிடித்த அண்ணன் தம்பி

திரைக்கதை எழுத நான் கற்றுக்கொண்டது மாமல்லபுரத்து லாட்ஜ் ஒன்றில். கடலைப் பார்த்த அறை இயக்குநருக்கு, கல் பட்டறையைப் பார்த்த அறை உதவியாளர்களான எங்கள் நாலு பேருக்கு. அதற்குப் பெயர் டிஸ்கஷன். பத்து மணிக்கு நாஸ்தா, பதினொன்றுக்கு டீ, நடுவில் கொஞ்சம் கதை.

இயக்குநர் ஏற்கெனவே ஒரு படம் எடுத்தவர். அது எத்தனை நாள் ஓடியது என்று யாரும் கேட்பதில்லை.

"இண்டர்வெல்ல பப்ஸ் வாங்கப் போறவன் கைல கீற பப்ஸ மறந்து நிக்கணும். அதான் ஸ்ட்ரக்சர்" என்பார். அதையும் நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் நாளும் கதை கிடைக்காததால் என் வீட்டுக் கதையை எடுத்துவிட்டேன். செங்கல்பட்டில் என் அப்பாவும் சித்தப்பாவும் அடுத்தடுத்த வீடு. பன்னிரண்டு வருடமாகப் பேச்சில்லை.

"காரணம் இன்னா?"

"சாக்கடைத் தண்ணி சார். அவங்க வூட்டுது எங்க வாசல்ல வந்துச்சு."

"சாக்கடைக்கு எவன்யா டிக்கெட் எடுப்பான்?"

காரணம் ஒரு பெண் என்று ஆனது. என் அம்மா அங்கே இருந்திருந்தால் துடைப்பத்தைத் தேடியிருப்பாள்.

கிளைமாக்ஸுக்கு, திருப்போரூரில் நடந்த அக்கா கல்யாணத்தைச் சொன்னேன். பந்தியில் இருவருக்கும் தவறுதலாகப் பக்கத்துப் பக்கத்து இலை. தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். பாயசம் வந்ததும் சித்தப்பா பரிமாறுபவரிடம், "அவுருக்கு ஊத்தாத, சக்கர கீது" என்றார். அப்பா மோருக்குக்கூடக் காத்திராமல் இலையை மூடி எழுந்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை என்பது எங்களுக்கே அப்போதுதான் தெரியும். சித்தப்பாவுக்கு யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது.

இயக்குநர் தாடியைச் சொறிந்தார். "நல்லாத்தான் கீது. ஆனா ஒருத்தனும் அழலியே. மழைய வுடு. ரெண்டு பேரையும் கட்டிப்புடிச்சி அழ வை. டைட்டில்ல உன் பேரு வரும், நான் கேரண்டி."

அந்தப் பெயர் எனக்கு வேண்டியிருந்தது. "பையன் பேரு எந்தப் படத்துல வருது?" என்று தெருவே கேட்டு, அப்பா பதில் சொல்லிக் களைத்திருந்தார். மூன்று பக்கத்துக்கு மழை பெய்ய வைத்தேன். படித்துவிட்டு இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஜ்ஜி சொல்லச் சொன்னார்.

இரண்டு வருடம் கழித்துப் படம் வந்தது. அப்பாவைச் செங்கல்பட்டுத் தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். டைட்டிலில் தயாரிப்பாளர் வீட்டு நாய்க்கு நன்றி சொல்லியிருந்தார்கள். என் பெயர் இல்லை. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வரிசை முன்னால் சித்தப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். நான் எழுதிய படம் என்று அவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

மழைக் காட்சியில் தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. இவர்கள் இருவரைத் தவிர.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார்: "அந்தக் கடேசி சீன எவன்டா எழுதுனது? கூடப் பொறந்தவன் இல்லாதவனா கீறான் போல."

"யாரோப்பா" என்றேன்.