விசில் படையும் கஸ்தூரியும்

கிரிவலம் போற செங்கம் ரோட்டுல வெள்ளைக்காரங்க வீட்டுல பதினெட்டு வருஷமா சமைக்கிறவ எங்க கஸ்தூரி. பக்கத்து வீட்டு அடுப்படி என்னுது. அவ கதை எனக்கு அத்துப்படி.

ஒரு வருஷம் அங்க திருட்டு ஜாஸ்தியாச்சு. லேப்டாப்பு, பாஸ்போர்ட்டு எல்லாம் போச்சு. குடியிருந்த வெளிநாட்டுக்காரங்க இருபது பேர் சேர்ந்து தாங்களே ஒரு காவல் படை வச்சிக்கினாங்க. அவங்க ஊர் பட்டாளத்துல இருந்த ஹென்ரிக்தான் தலைவர். கையில ஆரஞ்சுப் பட்டை, டார்ச்சு, கழுத்துல விசில். ஊர்ல ‘விசில் படை’ன்னுதான் பேரு. பாஷைக்கு ஆள் வேணும்னு கஸ்தூரியையும் சேத்துக்கினாங்க. பட்டை கட்டினதும் அம்மா நடையே மாறிப்போச்சு, கலெக்டரம்மா தோத்தாங்க! சட்டம் சொல்லிக் குடுத்ததும் அவதான்: “நம்மூரு ஆளுன்னா கேட்டா பதில் சொல்லுவான். வாயே தொறக்கலன்னா திருடன்தான், ஊதுங்க.”

ஒரு செவ்வாக்கிழமை, விடியறதுக்கு முன்ன, காலி மனை வழியா ஒருத்தன் போனான். ஹென்ரிக் அதட்டினாரு. பதில் இல்ல. விசில் பறந்துச்சு, ஏழெட்டு டார்ச்சு துரத்துச்சு. அவன் ஓடி எங்கியோ மறைஞ்சிட்டான். படை வேற பக்கம் தேடப் போச்சு. கஸ்தூரி மட்டும் மூச்சு வாங்கிக்கினு நின்னா. அப்போ இருட்டுக்குள்ளேர்ந்து, “கஸ்தூரிக்கா...” கொஞ்சம் கழிச்சு மறுபடியும், “கஸ்தூரிக்கா...”

இருட்டுல பேர் சொல்லிக் கூப்பிட்டா நம்ம பக்கம் சட்டுனு பதில் குடுக்க மாட்டோம். மூணு தரம் கூப்பிட்டாதான் மனுசன், பேய்க்கு மூணாவது தரம் வராதுன்னுவாங்க. கஸ்தூரி மூணாவதுக்குக் காத்திருந்தா. வரல. சாமியை வேண்டிக்கினு வந்துட்டா.

விடிஞ்சப்போ அந்தக் காலி மனையில இருந்த பாழுங்கிணத்துல மணிவேலு செத்துக் கெடந்தான். கொத்தனாரு, கஸ்தூரி தெருவுல இருக்கிற வள்ளியோட புருஷன். செவ்வாக்கிழமைன்னா மலை சுத்தி முடிக்கிற வரைக்கும் மௌன விரதம். அடப்பாவி, அதான் வாயே தொறக்கல! உசுரு போற நேரத்துல விரதத்தை ஒடச்சி இவளைக் கூப்பிட்டிருக்கான். தவறி விழுந்தான்னு ஆயிடுச்சு. படை அந்த வாரமே கலைஞ்சிது, ஹென்ரிக் நாட்டுக்கே போயிட்டாரு. கஸ்தூரி எங்க போவா?

“சாவுற வரைக்கும் எங்க வூட்டுக்காரரு விரதத்தை விடலக்கா”ன்னு வள்ளி பாக்கிறவங்ககிட்டல்லாம் சொல்லுவா. அவளுக்கு இருந்த ஆறுதல் அது ஒண்ணுதான். அதைக் கேட்டா கஸ்தூரிக்குச் சோறு எறங்காது. “சொன்னா அவ ஆறுதல் போவும், சொல்லலன்னா என் உசுரு போவும்”னு என்கிட்ட அழுவா. “வாயை மூடிக்கினு கெடடி”ன்னு எத்தினியோ தரம் சொன்னேன். கேக்கல. ஒன்பது வருஷம் கழிச்சு, போன மாசி மாசம், அவன் ரெண்டு தரம் கூப்பிட்டதை வள்ளிகிட்ட போய்ச் சொல்லிட்டா.

வள்ளி திட்டல, அடிக்கல. உள்ள போய்க் கதவைச் சாத்திக்கினா.

மறு செவ்வாக்கிழமை விடிகாலையில கஸ்தூரி வாசல்ல ஒரு குரல். “கஸ்தூரிக்கா...” கொஞ்சம் கழிச்சு, “கஸ்தூரிக்கா...” இவ பதறிப்போய், “தோ வந்துட்டேன்!”னு கதவைத் தொறந்தா, வள்ளி தெருமுனையில போய்க்கினு இருக்கா.

வாராவாரம் இதேதான். “இன்னொரு தரம் கூப்பிடுடி, உன் கால்ல விழறேன்”னு கஸ்தூரி பின்னாலேயே ஓடுறா. வள்ளி திரும்புறதே இல்ல.