மாமாவின் கை

மே பதினெட்டு. எனக்கு வயது எழுபத்தாறு ஆண்டு, மூன்று மாதம்.

என் நாத்தனார் மகன் முரளி இன்று என்னைச் சித்தூரிலிருந்து திருப்பதிக்குத் தன் பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரில் அழைத்துவந்தான். வேகத்திற்காக எஞ்சினை மாற்றி, வண்டியைத் தரையோடு தாழ்த்தியிருக்கிறான். ஒவ்வொரு வேகத்தடையிலும் காருக்கு வலிக்குமே என்று வருந்தினான். பின்னிருக்கையில் மடங்கிக் கிடந்த என் முதுகுக்காக யாரும் வருந்தவில்லை.

அவன் மனைவி சுதா கேட்டாள்: "கொஞ்ச தூரம் நான் ஓட்டறேனே?"

"இதுக்கு எங்க மாமா கை வேணும்மா. உனக்கு ஆவாது."

"வாராவாரம் தொடச்சிக்கினு இருக்கறது மட்டும் இந்தக் கைக்கு ஆவுதா?"

முரளி என் பக்கம் திரும்பினான். "நீங்களே சொல்லுங்க அத்தை, மாமா மாதிரி யாருனா ஓட்ட முடியுமா?"

என் கணவர் கார் ஓட்டும் பெருமையைக் கேட்டு வழக்கம்போலச் சிரித்துவைத்தேன். சுதா அதன்பின் பேசவில்லை. அந்த மௌனம் எனக்கு நன்கு பழக்கமானது.

முரளி, என் முகநூல் பதிவான இதற்குக் கீழே பதில் எழுதுமுன் சாவியை அவளிடம் கொடு.

உன் மாமாவுக்கு வேகம் என்றாலே தலைசுற்றும். நீங்கள் எல்லோரும் கொண்டாடும் அந்த ஓட்டம் முழுவதும் என்னுடையது. அந்த நாளில், திருப்பதிக்குச் சற்று முன்னால் சந்திரகிரி வந்ததும் நாங்கள் காரை நிறுத்துவோம். ஊர் பார்க்குமுன் இருவரும் இருக்கை மாறிக்கொள்வோம்.