எல்லைக்கு வெளியே ஒரு முன்பள்ளி

ஹட்டனில் நான் நடத்திய முன்பள்ளி, கொழும்பு நிறுவனம் ஒன்றின் பெயரில் நடந்தது. ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்ததும் அவர்கள் அதைப் புதுப்பிக்கவில்லை. பெயர்ப்பலகையைக் கழற்றினேன். பாட்டுப் புத்தகங்களைத் திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகும் என்னைக் கட்டிய நிபந்தனைகள் இருந்தன. இரண்டு வருடத்துக்கு நகரசபை எல்லைக்குள் முன்பள்ளி நடத்தக் கூடாது, பழைய பெற்றோரை அழைக்கவும் கூடாது.

கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைத் ஒப்பந்தத்தில் திரும்பத் திரும்பப் படித்தேன். எல்லைக்கு வெளியே தாராளமாக நடத்தலாம் என்று சட்டத்தரணி சொன்ன பிறகும் மனம் ஒப்பவில்லை. கற்பிப்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது என்பதால்தான் துணிந்தேன். நகர எல்லையைத் தாண்டி, மஸ்கெலியா பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பழைய பிள்ளை மடுவம் சும்மா கிடந்தது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் முன்பு குழந்தைகளை விட்டுச் சென்ற நீண்ட அறை அது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் கேட்டு வாங்கி, லயங்களில் குடியிருக்கும் தொழிலாளரின் பிள்ளைகளோடு ஆரம்பித்தேன்.

பழைய பெற்றோரின் போன் வந்தால் எடுக்கமாட்டேன். பேசினாலே அழைத்ததாகிவிடுமோ என்று பயம்.

"அதுக்காக ஹலோ கூடவா சொல்லக் கூடாது?" என்று கணவர் கேலி செய்தார்.

ஒரு திங்கட்கிழமை டவுன் வேன் ஒன்று தேயிலைச் சரிவில் முனகிக்கொண்டு ஏறி வந்தது. உள்ளே என் பழைய பிள்ளைகள்! அந்த வாரமே நிறுவன அதிகாரியும் வந்துவிட்டார்.

"டவுன் பிள்ளைங்கள நீங்கதானே கூப்பிட்டீங்க?"

எங்காவது வாய்தவறிச் சொல்லியிருப்பேனோ?

மகனை விட வந்திருந்த துணிக்கடைக்காரரின் மனைவி குறுக்கே வந்தார். "இவங்களா கூப்பிட்டாங்க? நல்லா கேட்டீங்க! போன் அடிச்சா எடுக்கிறதே இல்ல. மார்க்கெட்ல என்னைய கண்டா குடைய சாய்ச்சு மூஞ்ச மறைச்சிக்கிட்டுப் போறாங்க. டீச்சர் நம்ம கடையில கடன் வச்சிருக்காங்களான்னு ஆளுங்க கேக்குறாங்க! நாங்களாதான் விசாரிச்சு வந்தோம். இந்தாங்க, பாருங்க."

அவர் நீட்டிய போனில், நான் எடுக்காத அழைப்புகளை அதிகாரி விரலால் தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரிங்க டீச்சர். இதுல நாங்க சொல்ல ஒன்னுமில்ல. நடத்துங்க."

படிப்புக்காகத் தோட்டத்துப் பிள்ளைகள் டவுனுக்கு இறங்கிப் போவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். இப்போது டவுன் பிள்ளைகள் மேலே வந்து, லயத்துப் பிள்ளைகளோடு ஒரே பாயில் இடத்துக்குச் சண்டை போடுகிறார்கள். அடுத்த மாதம் இரண்டாவது வேனும் வந்தது. நான் யாரையும் அழைக்கவில்லை.