அப்பா பின்வாங்கிய தூரம்

ஐந்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைகளுக்கு எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. மேசைமேல் எரியும் பெரிய மெழுகுவர்த்தியிலிருந்து ஒரு சிறு மெழுகுவர்த்தியை ஏற்றி, பெற்றவர் தம் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். அன்று எனக்கிருந்த ஒரே கவலை, அப்பா வருவாரா என்பதுதான். தீப்பெட்டி ஆலையில் அம்மாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. பட்டாசுக்கு வெடிமருந்து செலுத்தும் அப்பா, சாப்பாட்டு நேரத்தில் லோடு வண்டியில் தொற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார்.

வந்தார். குளிக்க நேரமில்லாததால் தலைமுடியிலிருந்து பாதம்வரை அலுமினியத் தூள் படிந்திருந்தது. மற்ற அப்பாக்கள் எல்லாரும் குளித்து வந்திருந்தார்கள். சித்திரை வெயிலில் என் அப்பா மட்டும், வெள்ளியில் வார்த்த சிலை எழுந்து நடந்து வந்ததுபோல் வாசலில் மின்னினார்.

என் பெயர் அழைக்கப்பட்டது. அவர் நகரவில்லை.

“உள்ள வாங்கண்ணே, புள்ள காத்துக்கிட்டு நிக்கா” என்றார் டீச்சர்.

“இல்ல டீச்சர், இங்கனயே நிக்கேன். நீங்களே ஏத்திக் குடுத்துருங்க.”

“ஒங்கப்பாவுக்கு டீச்சர்னா அம்புட்டுப் பயமா, புள்ள?” என்று பின்னாலிருந்த தோழி கிசுகிசுத்தாள்.

அவள் சொன்னது பொய்யென்று காட்ட, டீச்சர் ஏற்றித் தந்த சுடரைக் கையால் காத்தபடி அப்பாவை நோக்கி நடந்தேன். அவர் பின்வாங்கினார். நான் நெருங்க நெருங்க, சாலையையும் கடந்து, எதிர்ச்சுவரில் முதுகு முட்டும்வரை போனார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

“அங்கனயே நில்லு தாயி. அத அமத்தி மண்ணுல குத்திட்டு வா.”

அழுதுகொண்டே சுடரை அணைத்து மண்ணில் குத்தினேன். அதன்பிறகே அருகில் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் என்னையே பார்த்தார். கோயிலில்கூட அவர் அப்படி நின்று நான் கண்டதில்லை. “அஞ்சு முடிச்சிட்டீக” என்றார். எனக்கு அவர் மரியாதை கொடுத்துப் பேசியது அதுவே முதல்முறை.

அந்த மருந்துத் தூள் படிந்த துணி பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். தம்மேல் தீப்பிடித்தால் சுடரை ஏந்தி நெருங்கும் பத்து வயதுப் பிள்ளையும் எரியும் என்பதை அன்று அவர் ஒருவரே முழுமையாகப் பார்த்திருக்கிறார்.

மாலையில் அம்மாவிடம், “அப்பாவுக்கு மெழுகுவத்தின்னா பயம்” என்று சொல்லிச் சிரித்தேன். அவருடைய சட்டையை வாளித் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்த அம்மா சிரிக்கவில்லை.

“எம்புட்டுத் தூரத்துல நின்னாரு?” என்று மட்டும் கேட்டாள்.

அவள் ஏன் தூரத்தைக் கேட்டாள் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.